செம்மறிக் கிடா ஏறினால் வெள்ளாடு சினை பிடிக்குமா?

வாசகர் கேள்வி – பதில்

அறுவடை வயலில் ஆட்டு மந்தையை அடைத்துக் கிடை போடும் காலம் வந்தாலே ஆட்டைப் பற்றிய கடிதங்கள் கூடிவிடும். இந்த முறை வந்த ஒரு கடிதம் ஆட்டில் தொடங்கி, இனம் மாறினால் கரு நிற்குமா என்ற பெரிய கேள்வியில் போய் நின்றது. பார்த்தால் எருமை, மீன், குதிரை என்று வேறு சிலரும் ஏறத்தாழ அதையேதான் கேட்டிருக்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: தை அறுவடை முடிந்து எங்கள் வயலில் கிடை போட்டார்கள். மந்தையில் செம்மறியும் வெள்ளாடும் கலந்திருந்தன. எங்கள் வீட்டு வெள்ளாட்டுப் பெட்டையும் அதோடுதான் மேய்ந்தது. செம்மறிக் கிடா ஒன்று அதன்மேல் ஏறியதைப் பார்த்தோம். சினை பிடித்தது, ஆனால் நாலு மாதத்தில் கரு கலைந்து வீசிவிட்டது. இரண்டு குட்டி, ரோமம்கூட முளைத்திருந்தது. "இனம் மாறிச் சேர்ந்தா நிக்காதுங்க" என்கிறார் மந்தை மேய்க்கும் கீதாரி. உண்மையா?
– வாசகர், வடுவூர்

பதில்: கீதாரி சொன்னது பொதுவாகச் சரி. உங்கள் ஆட்டின் விஷயத்தில் சரியில்லை என்று நினைக்கிறேன்.

வெள்ளாட்டுக்கு 60 குரோமோசோம், செம்மறிக்கு 54. செம்மறிக் கிடா வெள்ளாட்டுப் பெட்டையோடு சேர்ந்தால் கரு உண்டாவது அபூர்வம் இல்லை, விந்தணு உள்ளே போய்விடுகிறது, முட்டை பிளந்து வளரவும் தொடங்குகிறது. ஆனால் இரண்டிலும் பாதிப் பாதி சேர்ந்து 57 குரோமோசோமோடு வளரும் அந்தக் கரு பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள் இறந்துவிடும். தாயின் உடல் அதை அந்நியமாகப் பார்ப்பதும் நஞ்சுக்கொடி சரியாக அமையாததும் காரணங்கள். இதையே திருப்பிப் போட்டு, வெள்ளாட்டுக் கிடாவைச் செம்மறிப் பெட்டையோடு விட்டால் கரு உண்டாவதே அரிது. ஒரு பக்கம் கதவு பாதி திறந்திருக்கிறது, மறு பக்கம் ஏறத்தாழ மூடியிருக்கிறது. உயிரோடு பிறந்து வளர்ந்த கலப்பும் இல்லாமல் இல்லை. ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டில் வெள்ளாட்டுத் தாய்க்கும் செம்மறித் தகப்பனுக்கும் பிறந்த கிடாக்குட்டி ஒன்றைப் பற்றி 2000-இல் செய்தி வந்தது. அதற்கு 57 குரோமோசோம்தான் இருந்தது, மலடு. இது லட்சத்தில் ஒன்று என்றுகூடச் சொல்ல முடியாத அளவுக்கு அபூர்வம்.

இப்போது உங்கள் ஆட்டுக்கு வருவோம். வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். நாலு மாதம் நின்று, ரோமம் முளைத்த இரண்டு குட்டியை வீசியிருக்கிறது என்றால் அது கலப்புக் கருவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. செம்மறிக் கிடா ஏறியதை நீங்கள் பார்த்தீர்கள், அதே பருவத்திலோ அல்லது மூன்று வாரம் கழித்து வந்த அடுத்த பருவத்திலோ மந்தையிலிருந்த வெள்ளாட்டுக் கிடா ஏறியதை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சினையின் கடைசிக் கட்டத்தில் வீசுவது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது புரூசெல்லோசிஸ் என்கிற கன்றுவீச்சு நோயை. இது மனிதருக்கும் ஒட்டும். விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி என்று மாதக்கணக்கில் படுத்தும். வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இனிமேல் இப்படி நடந்தால் கையுறை போட்டு எடுத்து, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும், நாய் தோண்டக் கூடாது. அந்த ஆட்டைத் தனியே கட்டுங்கள், பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம், மாட்டாஸ்பத்திரியில் சொல்லி ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு அதிக தூரமில்லை. பழியைச் செம்மறிக் கிடாமேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அடுத்த ஆடும் வீசும்.

கேள்வி: விந்தணுவும் முட்டையும் பூட்டும் சாவியும் போலப் பொருந்தும் என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் முட்டையில் எது அந்தப் பூட்டு? வேற்றினத்து விந்தணுவை முட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?
– 12-ஆம் வகுப்பு மாணவர், கும்பகோணம்

பதில்: பூட்டு-சாவி பரீட்சைக்குப் போதும். ஆனால் ஒரே பூட்டு என்று ஒன்று கிடையாது. வரிசையாகப் பல தடைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் கெடுபிடியும் வேறு. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருவதை நினைத்துக்கொள்ளுங்கள்; கல்லணை திறந்திருக்கலாம், ஆறு நிறையப் போகலாம், நடுவில் ஒரு வாய்க்கால் மதகு மூடிக் கிடந்தால் வயலுக்கு ஒன்றும் வராது. எந்த மதகில் நின்றது என்பது இனத்துக்கு இனம் மாறும்.

முதல் மதகு பெண்ணின் உடலே. புதிதாக வந்த விந்தணுவால் முட்டைக்குள் நுழைய முடியாது, கருப்பையிலும் கருக்குழாயிலும் சில மணி நேரம் இருந்து பக்குவப்பட வேண்டும். அமெரிக்காவில் எம்.சி.சாங், ஆஸ்திரேலியாவில் சி.ஆர்.ஆஸ்டின், இருவரும் தனித்தனியே 1951-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். சோதனைக்குழாய்க் குழந்தைக்கான வழியே அதற்குப் பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்தது முட்டையைச் சுற்றியுள்ள உறை. சோனா பெலூசிடா என்பார்கள். மனித முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஓர் உறை, சர்க்கரை ஒட்டிய புரதங்களால் ஆனது. மனிதருக்கு இதில் நாலு புரதம்: இசட்பி1, 2, 3, 4. சுண்டெலிக்கு மூன்றுதான், நாலாவதன் மரபணு அதற்குப் பழுதாகிவிட்டது. நீங்கள் கேட்ட இனப் பாகுபாடு அதிகம் தெரிவது இந்த உறையில்தான், அதிலும் மனித விந்தணு ரொம்பப் பிடிவாதம். பெட்ஃபோர்ட் என்ற ஆய்வாளர் 1977-இல் வெளியிட்டது இது: மனித விந்தணு கிப்பன் குரங்கின் முட்டையுறையில் ஒட்டியது, பபூனிலும் ரீசஸ் குரங்கிலும் ஒட்டவில்லை. வாலில்லாக் குரங்கு வரைக்கும் சரி, வாலுள்ள குரங்கு என்றால் வேண்டாம் என்று அது எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறது.

அந்தப் பிடிவாதம் எந்தப் புரதத்தைப் பார்த்து என்பதில் வெகுகாலம் சண்டை. இசட்பி3-இல் உள்ள சர்க்கரைதான் எல்லாம் என்று பல வருடம் பாடப்புத்தகங்களில் எழுதினார்கள், இன்னும் சிலவற்றில் இருக்கிறது. 2012-இல் அமெரிக்காவில் ஜூரியன் டீன் என்பவரின் ஆய்வுக்குழு வேறொன்று செய்து பார்த்தது. சுண்டெலியின் மரபணுவை மாற்றி, அதன் முட்டையுறையில் மனிதப் புரதங்களை வைத்தார்கள். இசட்பி2 மனிதருடையதாக இருந்த முட்டைகளில் மட்டும் மனித விந்தணு ஒட்டியது, மற்றவற்றைச் சீண்டவில்லை. ஒட்டியதோடு நிற்காமல் உறையைத் துளைத்து உள்ளேயும் போயிற்று. அப்புறம்? உறைக்கும் முட்டைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் கூட்டமாகச் சேர்ந்து நின்றுவிட்டன. எலி முட்டையோடு அவற்றால் ஒன்றுகலக்க முடியவில்லை. ஒரு மதகு திறந்தால் அடுத்தது மூடியிருக்கிறது.

அந்த அடுத்த மதகு முட்டையின் சவ்வு. இதைப் பற்றி 1976-லேயே யானகிமாச்சி என்ற ஆய்வாளர் ஓர் ஆச்சரியத்தைக் காட்டியிருந்தார். தங்க ஹாம்ஸ்டர் என்று ஒரு சிறிய கொறிப்பிராணி, வீட்டில் வளர்ப்பார்களே, அதன் முட்டையை எடுத்து நொதி போட்டு உறையைக் கழற்றிவிட்டால் மனித விந்தணு தாராளமாக உள்ளே போய்விடுகிறது. உறை இருக்கும்வரை கிட்டே போகாதது, உறை போனதும் கலந்துவிடுகிறது. அதிலிருந்து எந்தப் பிராணியும் வளராது, விந்தணுவின் திறனைச் சோதிக்கப் பல நாடுகளில் இதை ஒரு பரிசோதனையாகவே கொஞ்ச காலம் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் கைவிட்டாயிற்று.

எலியிடம் முடியாதது ஹாம்ஸ்டரிடம் ஏன் முடிகிறது? விடை துண்டு துண்டாக வந்தது. 2005-இல் ஜப்பானில் விந்தணுவின் மேல் ஒரு புரதத்தைக் கண்டார்கள், அங்கே கல்யாண வரம் கேட்டுப் போகும் கோயிலின் பெயரால் இசுமோ என்று வைத்தார்கள். 2014-இல் இங்கிலாந்தில் முட்டைச் சவ்வின் மேல் அதற்கு இணையைக் கண்டார்கள், அதற்கு ரோமானியரின் கல்யாணத் தெய்வமான ஜூனோவின் பெயர். (குத்தாலம் பக்கத்து ஆள் யாராவது கண்டுபிடித்திருந்தால் திருமணஞ்சேரி என்று வைத்திருப்பார்.) மறுவருடமே அதே குழு ஹாம்ஸ்டரின் ஜூனோ மனித இசுமோவோடு நேரடியாகவே ஒட்டுகிறது என்று காட்டியது. எந்தெந்த இனங்களின் இசுமோவும் ஜூனோவும் ஒட்டுகின்றனவோ அந்தந்த இனங்களின் விந்தணுவும் முட்டையும் கண்ணாடித் தட்டில் கலக்கின்றன, ஏறத்தாழ அப்படியே.

இதில் எனக்குப் படுவது ஒன்று. ஒரு விந்தணு உள்ளே போனதும் முட்டை ஓவாஸ்டாசின் என்ற நொதியை வெளியே விடுகிறது, அது அதே இசட்பி2-வை வெட்டிவிடுகிறது, அதன் பிறகு வேறு விந்தணு ஒட்டாது. ஜூனோவும் முக்கால் மணி நேரத்துக்குள் முட்டையின் மேலிருந்து உதிர்ந்துபோகிறது. இரண்டாவது விந்தணு நுழைந்தால் கரு பிழைக்காது. ஆக, இந்த ஏற்பாட்டின் முதல் வேலை ஒன்றுக்கு மேல் உள்ளே விடாமல் பார்ப்பது, வேற்றினத்தைத் தடுப்பது அதோடு கூட வந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். கடலில் முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விட்டுவிடும் கடல் முள்ளெலி போன்றவற்றுக்கு முட்டையே ஆள் பார்த்து அனுமதித்தால்தான் வழி. பாலூட்டிகளுக்கு அப்படி இல்லை. வாசனை, பருவம், கூட்டம், எது எதனோடு சேரும் என்பது முன்னாலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதனால்தான் பாலூட்டிகளின் முட்டையில் ஓர் இனத்துக்குக் கெடுபிடியும் இன்னோர் இனத்துக்குச் சலுகையுமாக இப்படிக் குளறுபடி. செம்மறி-வெள்ளாடு ஒரு பக்கம் மட்டும் நடப்பதும் அந்தக் குளறுபடியில் சேர்ந்ததே.

பரீட்சையில் மட்டும் பூட்டு-சாவி என்றே எழுதிவிடுங்கள், மதிப்பெண் முக்கியம்.

கேள்வி: யானையின் விந்தணு எவ்வளவு பெரிதாக இருக்கும்?
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: மனிதனுடையதைப் போலத்தான், மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. சுண்டெலியினுடையது அதைவிட இரண்டு மடங்கு நீளம். பழ ஈயில் ஓர் இனம் இருக்கிறது, அதன் விந்தணுவைச் சுருள் பிரித்து நீட்டினால் 5.8 சென்டிமீட்டர்! உடம்புக்கும் விந்தணுவுக்கும் சம்பந்தமே இல்லை.

கேள்வி: எங்கள் பக்கம் எருமைக்கிடா கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. எருமை பருவத்துக்கு வந்தபோது சினை ஊசி போட வந்தவரிடம் எருமைக் குச்சி (உறையவைத்த விந்து உள்ள குழல்) இல்லை. ஜெர்சி குச்சியைப் போட்டால் என்ன, உம்பளச்சேரி மாட்டுக்கு ஜெர்சி போட்டால் கன்று வருகிறதே என்று என் தம்பி கேட்கிறான். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: சிரித்திருக்க வேண்டாம், நல்ல கேள்விதான்.

உம்பளச்சேரிக்கும் ஜெர்சிக்கும் திமில் உண்டு, இல்லை என்ற வித்தியாசம் இருந்தாலும் இரண்டுக்கும் 60 குரோமோசோம், இரண்டும் மாடு. பிறக்கும் கிடேரி, காளை இரண்டுமே சினைக்கு ஆகும். எருமை வேறு பேரினம். நம் ஊர் ஆற்றெருமைக்கு 50 குரோமோசோம். ஆய்வுக்கூடத்தில் மாட்டு முட்டையில் எருமை விந்தையும், எருமை முட்டையில் மாட்டு விந்தையும் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆச்சரியம், முட்டை விந்தணுவை உள்ளே விடுகிறது! பிளந்து இரண்டாகி, நாலாகி, எட்டு செல் அளவில் பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன. அதுவரை முட்டையில் தாய் கட்டிக்கொடுத்த சரக்கிலேயே ஓடும், அதன் பிறகு கரு தன் சொந்த மரபணுக்களை இயக்கியாக வேண்டும். இரண்டு பேரினத்தின் மரபணுக்களும் அங்கே ஒத்துப்போவதில்லை. நம்பத்தக்க சான்றோடு மாட்டெருமைக் கன்று இதுவரை எங்கும் பிறந்ததில்லை. இமயமலைப் பக்கம் யாக் எருதையும் மாட்டையும் சேர்த்து சோ என்ற கலப்பினத்தை வளர்க்கிறார்கள், இரண்டுக்கும் 60 குரோமோசோம் என்பதால் அது நடக்கிறது. அங்கேயும் பெண் சினையாகும், ஆண் மலடு.

எனவே ஜெர்சி குச்சி வீண். வீணானது குச்சி மட்டுமில்லை, அந்தப் பருவமும் போகும், மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். குச்சியில் 0.25 மில்லி விந்துதான், அதில் சுமார் 2 கோடி விந்தணு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்திருப்பார்கள். முரா எருமைக் குச்சி வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் கொண்டுவருவார்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு முறை போட்டும் நிற்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எருமையில் பெரிய தொல்லை ஊமைப் பருவம், மாடு மாதிரி கத்தாது, கோடையில் சுத்தமாகத் தெரியாது. விடிகாலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை பின்பக்கம் கண்ணாடி போன்ற வழும்பு வருகிறதா என்று பாருங்கள். காலையில் தெரிந்தால் அன்று மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி.

தம்பியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். உம்பளச்சேரிக்கு ஜெர்சி போட்டால் கன்று வரும் என்பதற்காகப் போட்டுக்கொண்டே போனால், சேற்றில் உழவுக்கு இறங்கும் அந்தக் குட்டைக்கால் மாடு உங்கள் வட்டாரத்திலேயே இல்லாமல் போகும். கொருக்கை அரசுப் பண்ணையில் அந்த இனத்தை வைத்துக் காப்பாற்றுகிறார்கள், உங்களுக்குக் கூப்பிடு தூரம். பாலுக்கு எருமை இருக்கும்போது உம்பளச்சேரியை உம்பளச்சேரியாகவே விடலாமே.

கேள்வி: திருமணமாகி ஆறு வருடம். சோதனைக்குழாய் முறையில் ஒருமுறை முயன்றோம். எட்டு முட்டை எடுத்தார்கள், ஒன்றில்கூடக் கரு உண்டாகவில்லை. முட்டையின் உறை தடிப்பாக இருக்கலாம், அடுத்தமுறை இக்சி செய்யலாம் என்கிறார் மருத்துவர். மாமியாரோ, ஜாதகத்தில் யோனிப் பொருத்தம் இல்லை, அதான் சேரவில்லை என்கிறார். ஒருவரின் முட்டை இன்னொருவரின் விந்தணுவை ஏற்காமல் போகுமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: யோனிப் பொருத்தத்தில் அசுவினிக்குக் குதிரை, பரணிக்கு யானை என்று நட்சத்திரத்துக்கு ஒரு மிருகம் போட்டிருப்பார்கள். உங்கள் மாமியார் பார்ப்பது அதைத்தான். முட்டைக்கு அந்தக் கணக்குத் தெரியாது சகோதரி. நீங்கள் இருவரும் மனிதர், உங்கள் முட்டையுறைக்கும் அவர் விந்தணுவுக்கும் இன வேற்றுமை என்று ஒன்று இல்லை.

ஆனால் ஒரே இனத்துக்குள்ளும் ஒட்டாமல் போவது உண்டு, அதற்கு உடல் காரணங்கள் இருக்கும். முட்டை முழுதாக முற்றாமல் எடுத்திருக்கலாம். விந்தணு பக்குவப்படாமல் இருக்கலாம், உறையில் ஒட்டத் திறனில்லாமல் இருக்கலாம். எண்ணிக்கை சரியாக இருக்கும், ஒட்டாது, சாதாரண விந்துப் பரிசோதனையில் இது தெரியாது. அரிதாக உறையின் புரதத்திலேயே மரபணுக் கோளாறு இருக்கும். 2014-இல் ஒரு குடும்பத்தைப் பற்றி வெளிவந்தது, இசட்பி1 மரபணுவில் பிழை இருந்ததால் அந்தப் பெண்களின் முட்டைக்கு உறையே உருவாகவில்லை. உங்களுக்கு இதில் எது என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். உறை தடிப்பு என்பதை மருத்துவரும் "இருக்கலாம்" என்றுதான் சொல்லியிருக்கிறார், கவனியுங்கள். முட்டைகளை மறுநாள் பார்த்தபோது உறையில் விந்தணு ஒட்டியிருந்ததா, எட்டில் எத்தனை முற்றிய முட்டை என்று அவரிடம் கேளுங்கள். அந்த இரண்டு பதிலும் நிறையச் சொல்லும்.

இக்சி என்பது 1992-இல் பிரஸ்ஸல்ஸில் வந்த முறை. ஒரே ஒரு விந்தணுவை மெல்லிய ஊசியில் எடுத்து முட்டைக்குள் நேரே விட்டுவிடுவார்கள். மேலே மாணவருக்கு எழுதினேனே, உறை, சவ்வு, இசுமோ, ஜூனோ, அத்தனையையும் தாண்டிப் போய்விடும். அதனால் உங்கள் மருத்துவர் சொன்ன யோசனையில் நியாயம் இருக்கிறது. இக்சியிலும் எல்லா முட்டையும் கருவாகும் என்று யாரும் உறுதி தர முடியாது, ஏனென்றால் உள்ளே போன விந்தணு முட்டையை எழுப்பிவிட வேண்டும், அதற்கென்று அதனிடம் ஒரு புரதம் இருக்கிறது, அது குறைவாக இருந்தால் ஊசியில் விட்டாலும் முட்டை அசையாது. செலவும் கூடும். எனவே இரண்டாம் முயற்சிக்கு முன் உங்கள் கணவரின் பரிசோதனைகளையும் முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். கடிதம் முழுக்க உங்கள் உடம்பைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள், அவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

கேள்வி: ஆடு மனித முகத்தோடு குட்டி போட்டது என்று வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. எங்கள் தெருவில் பாதிப்பேர் நம்புகிறார்கள். நடக்குமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: நடக்காது. மனித விந்தணு பபூன் முட்டையிலேயே ஒட்ட மறுக்கிறது, ஆட்டு முட்டை எங்கே. இவானோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி ஆப்பிரிக்காவுக்குப் போய் 1927-இல் பெண் சிம்பன்சிகளுக்கு மனித விந்தைச் செலுத்தினார். அசிங்கமான காரியம், ஒன்றும் சினையாகவில்லை. நமக்கு மிக நெருங்கிய பிராணியின் கதை அது.

படங்களில் ஒரு பகுதி சிலிக்கோனில் செய்த பொம்மைகள், கலைப்பொருளாக விற்பவை. மீதி உண்மையான குட்டிகள், ஊனமாக வளர்ந்தவை. கருவில் நீர் கோத்துக்கொண்டால் குட்டி ரோமமில்லாமல், முகம் உப்பி, மூக்கு சப்பையாகப் பிறக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு மனிதக் குழந்தை மாதிரி இருக்கும். அகபானே என்ற வைரஸ் கொசு போன்ற பூச்சிகளால் சினை ஆட்டுக்குப் பரவினால் குட்டியின் மூளையும் கால் மூட்டுகளும் கெடும். தீவனமும் காரணமாகலாம்: அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் செம்மறிகள் ஒற்றைக் கண்ணோடு குட்டி போட்டபோது தேடிப் பார்த்தால், சினையின் 14-ஆம் நாளையொட்டி ஒரு காட்டுச் செடியைத் தின்ற ஆடுகளுக்குத்தான் அப்படி ஆயிற்று என்று தெரிந்தது. அப்படிக் குட்டி பிறந்தால் மாலை போட்டுப் பால் ஊற்றாமல், மேய்ப்பவர்மேல் சந்தேகமும் படாமல் (இது நடந்திருக்கிறது, அந்த ஆள் பட்ட பாடு சொல்லி மாளாது) கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் வாங்கிவிட்ட கட்லாக் குஞ்சில் பாதி, தலை சிறுத்து ரோகு மாதிரி இருக்கிறது. கலப்படமா, கலப்பா?
– மீன் வளர்ப்பவர், திருவையாறு

பதில்: இரண்டும் இருக்கலாம், கலப்பு என்றால் அதிசயமில்லை. மீன் முட்டையில் விந்தணு நுழைவதற்கென்றே ஒரு துளை இருக்கிறது, துளைக்கு நேரே வந்தால் போதும், ஆட்டு முட்டையில் போல உறையைத் துளைத்துக்கொண்டு போக வேண்டிய பாடு இல்லை. கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் நெருங்கிய உறவு வேறு. முட்டையிட ஊசி போட்டு ஒரே தொட்டியில் விட்டால் கலந்துவிடும், கலப்பு மீன் மலடும் இல்லை. அதனால் அதையே தாய்மீனாக வைத்தால் அடுத்த தலைமுறையில் எது என்ன என்றே தெரியாது. இனம் இனமாகத் தனித்தொட்டியில் பொரிக்க வைக்கும் இடமாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கோடியக்கரையில் காட்டுக்குதிரை பெருகி வெளிமானுக்குப் புல் இல்லாமல் போகிறது என்கிறார்கள். வெளிநாட்டில் பன்றியிலிருந்து எடுத்த மருந்தை ஊசி போட்டுக் குதிரைக்குக் கருத்தடை செய்கிறார்களாமே, பன்றி மருந்து குதிரையிடம் எப்படி வேலை செய்யும்?
– வாசகர், தோப்புத்துறை

பதில்: இந்த வாரத்தின் அழகான கேள்வி இதுதான். இனம் மாறினால் ஒட்டாது என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டு, பன்றியின் முட்டையுறை குதிரைக்கு மருந்தாகும் என்று எழுத வேண்டியிருக்கிறது.

இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் பன்றிச் சூலகத்திலிருந்து முட்டையுறைப் புரதங்களைப் பிரித்தெடுத்து, பெண் குதிரைக்கு ஊசியாகப் போடுகிறார்கள். குதிரையின் உடல் அதை அந்நியப் பொருள் என்று எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்குகிறது. பன்றியின் உறைப் புரதமும் குதிரையின் உறைப் புரதமும் ஒரே வார்ப்பு, சின்னச் சின்ன இடங்களில்தான் வித்தியாசம். ஆகவே அந்த எதிர்ப்புப் புரதங்கள் குதிரையின் சொந்த முட்டையுறைமேலும் போய் அப்பிக்கொள்ளும், விந்தணுவுக்கு ஒட்ட இடமில்லை. விந்தணு பார்ப்பது அந்தச் சின்ன வித்தியாசங்களை, எதிர்ப்புப் புரதங்கள் பிடித்துக்கொள்வது பொதுவான பகுதிகளை. அதனால் இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. அமெரிக்காவில் அசட்டீக் தீவின் காட்டுக்குதிரைகளை 1994 முதல் இப்படித்தான் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் யானைக்கும் போடுகிறார்கள்.

கோடியக்கரைக்கு ஒத்துவருமா என்றால், மருந்தைவிட வேலைதான் பெரிது. முதல் முறை இரண்டு ஊசி, பிறகு வருடத்துக்கு ஒன்று. பிடித்துக் கட்டிப் போட முடியாது, தூரத்திலிருந்து துப்பாக்கியில் எய்ய வேண்டும். எந்தக் குதிரைக்குப் போட்டது, எதற்குப் போடவில்லை என்று ஒவ்வொன்றையும் அடையாளம் தெரிந்த ஆள் வேண்டும். அசட்டீக்கில் ஒவ்வொரு குதிரைக்கும் புகைப்படத்தோடு பதிவேடு வைத்திருக்கிறார்கள். கருத்தடையால் இருக்கும் குதிரை குறையாது, புதிதாகப் பிறப்பதுதான் குறையும். ஊசி போட்ட குதிரைகள் பிரசவச் சிரமம் இல்லாததால் கூடுதல் வருடம் வாழ்கின்றன என்றும் அங்கே கண்டிருக்கிறார்கள். அதனால் இந்த வழியில் இறங்கினாலும் வெளிமான் இன்னும் பல வருடம் குதிரையோடு புல்லைப் பங்குபோட்டுத்தான் ஆக வேண்டும்.